பாஸ் கிட்டார் கேட்பவள்

பிட்சோவைக் கொல்ல வேண்டும் என்ற பேச்சு, ரைசிபே சொன்ன ஏழு வார்த்தைகளில் தொடங்கியது. அவனைக் கொல்ல வேண்டும் என்று அவள் எண்ணியதே இல்லை. காதில் விழுந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அந்த நவம்பரில் கறுப்பர் குடியிருப்பான மாமெலோடியில் கூட்டம் கூடத் தடை இருந்தது. பிணம் எடுக்கவே அனுமதி வாங்க வேண்டும். ஆனாலும் ஞாயிறு மதியம் எலையஸின் கார் ஷெட்டில் பதினான்கு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஜூனில் பத்தொன்பது பேர் இருந்தார்கள். இரண்டு பேரைப் போலீஸ் சுட்டுவிட்டது. மூன்று பேர் இன்னும் சிறையில் இருந்தார்கள். ஷெட்டில் கார் இல்லை, கார் பேட்டரி மட்டும் இருந்தது. ரெக்கார்டு பிளேயர் அதில்தான் ஓடியது. எதிர்வீட்டுக்குக் கூரை கிடையாது. அது எரிந்து மூன்று வாரம் ஆகியும் மழை பெய்தால் கரி வாடை தெருவைக் கடந்து வந்தது.

அவர்கள் ஜாஸ் கேட்பவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வாத்தியம். ரெக்கார்டு ஓடும்போது அவரவர் தன் வாத்தியத்தை மட்டும் கேட்க வேண்டும், முடிந்ததும் எழுந்து அதைப் பற்றி மட்டும் பேச வேண்டும். பாட்டு பிடித்துப்போய் ஆட எழுந்தாலும் தன் வாத்தியத்தைத்தான் காலால் ஆட வேண்டும். வாசித்தவனே வந்திருந்தால் நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். கடைசி ஆள் பேசி முடிக்கும்வரை அவன் வாய் திறக்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் கேட்டவன் பொய் சொல்லுவான் என்பது எலையஸின் கட்சி. உள்ளூர்க்காரன் யார் ரெக்கார்டு போட்டாலும் முதல் பிரதி கடைக்குப் போகாது, இந்த ஷெட்டுக்குத்தான் வரும்.

ரைசிபேயின் வாத்தியம் பாஸ் கிட்டார். ஆறு வருடத்துக்கு முன்பு அவள் புதிதாக வந்தபோது வேறு யாரும் அதைக் கேட்க விரும்பவில்லை. அதனால் அவளுக்குக் கிடைத்தது. வாரநாட்களில் அவள் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்குக் கீழே ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு குறைவு. ஷெட்டிலும் அப்படித்தான். ஆனால் பாஸைப் பற்றி அவள் ஒன்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அன்று சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவன் பிட்சோ. ரெக்கார்டின் பெயர் ‘மூன்றாம் வகுப்பு’. அட்டையில் ரயில் பெட்டியின் ஜன்னல். பின்பக்கம் ‘பாஸ் கிட்டார்: பிட்சோ’ என்றும், அக்டோபரில் ஒலிப்பதிவு என்றும் அச்சடித்திருந்தது. ஆல்பம் முழுக்க பாஸ்தான் முன்னால் நடந்தது. மற்ற வாத்தியங்கள் பின்னால் வந்தன.

ஜூனில் பிட்சோவைப் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். பதினொரு வாரம் கழித்து விட்டார்கள். அவனோடு பிடிபட்டவன் ஓபெட், அவனும் பாஸ் வாசிப்பவன். ஓபெட்டை ஆகஸ்டில் பெட்டியில் கொடுத்தார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்தான் என்றார்கள். பெட்டியைத் திறக்கக் கூடாது என்றார்கள். அதற்குப் பிறகு ஊரில் எந்த மேடையும் இல்லை. பிட்சோ வாசித்து யாரும் பார்க்கவும் இல்லை.

முதல் பக்கம் முடிந்தது. எலையஸ் ஊசியைத் தூக்கினார்.

“டிரம்பெட்டு” என்றார்.

மா சோஃபி எழுந்தாள். பின்கட்டில் பீர் விற்பவள், பெருத்த உடம்பு. “டிரம்பெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா தூரத்துல இருக்கு. நம்ம வீட்டுச் சண்டைய பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு அந்தாண்ட நின்னு பாக்குற மாதிரி. பாஸோட ஒரே ரூம்ல நின்னு ஊதின மாதிரி இல்ல.”

“மா சோஃபி, டிரம்பெட்டோட நிறுத்திக்கங்க.”

“டிரம்பெட்டத்தானய்யா சொல்றேன்? அது எங்க நிக்குதுன்னு சொல்லக் கூடாதா?”

கீபோர்டு கேட்பவர் மொகாலே வாத்தியார். “கீபோர்டு, கல்யாணத்துக்குச் சாப்பிட மட்டும் வந்தவன் மாதிரி இருக்கான். மூணாவது பாட்டுல தூங்கியே போயிட்டான். யாராவது எழுப்பி அனுப்புங்கப்பா.”

எல்லோரும் சிரித்தார்கள். சுவரைப் பார்த்திருந்த பிட்சோவின் தோளும் குலுங்கியது.

“ட்ரம்ஸ்.”

ட்ரம்ஸ் கேட்பவன் ஃபானி. ஓபெட்டின் தம்பி. இருபத்தாறு வயது. தெருக் கமிட்டியில் இருந்தான். அவன் விசிலடித்தால் இருபது பேர் வருவார்கள். அவன் எழுந்திருக்கவில்லை. கையில் இருந்த இஞ்சி பீரைக் குடிக்கவும் இல்லை.

“நான் அப்புறம் சொல்றேன், ப்ரா எலையஸ். முதல்ல சிஸ் ரைசிபே சொல்லட்டும்.” அங்கே அண்ணனுக்கு ‘ப்ரா’, அக்காளுக்கு ‘சிஸ்’.

ரைசிபே எழுந்து தரையைப் பார்த்தாள். பிட்சோவின் வாசிப்பு அவளுக்கு மனப்பாடம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி ஓடும். தாளத்துக்கு ஒரு மயிரிழை முன்னால் வந்து நிற்கும். இதில் ஓட்டம் இல்லை. கட்டைவிரல் கம்பியை அடித்தது, உள்ளங்கை ஓரம் உடனே அதை அமுக்கியது, ஒவ்வொரு அடியும் தாளத்துக்கு மயிரிழை பின்னால் விழுந்தது. அப்படி வாசிக்க ஊரில் ஒரே ஒருவனால்தான் முடியும்.

“இது பிட்சோவோட கை இல்ல. இது ஓபெட்டோட கை” என்றாள்.

இந்த வருடம் கேட்டதில் இதுதான் சிறந்த பாஸ் என்று அடுத்துச் சொல்ல நினைத்திருந்தாள். அதற்குள் ஃபானியின் பாட்டில் தரையில் உடைந்தது.

“எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. முதல் பாட்டுலயே கேட்டுச்சு. பைத்தியம் புடிச்சிடுச்சோன்னு நெனச்சேன். அந்தக் கட்டைவிரலோட ஒரே கட்டில்ல பதினாறு வருஷம் படுத்திருக்கேன்டா நான்!”

“ஃபானி, உக்காரு. இன்னும் நெறையப் பேர் பேசணும்” என்றார் எலையஸ்.

“எங்கண்ணன் ஆகஸ்டுல செத்தான். அட்டைல அக்டோபர்னு போட்டிருக்கு. செத்தவன் எப்படி அக்டோபர்ல வாசிப்பான்?”

எல்லோரும் யோசித்தார்கள், தங்கள் வாத்தியத்தை வைத்து.

“பாஸ் வேற ரூம்ல இருந்துச்சுன்னு நாந்தான் முதல்ல சொன்னேன்” என்றாள் மா சோஃபி, மெதுவாக.

“பாஸ முன்னாடியே பதிஞ்சு வச்சிட்டு, மத்ததெல்லாம் பின்னால சேத்திருக்கலாம். அதான் கீபோர்டுக்காரன் எங்க போறதுன்னு தெரியாம முழிக்கிறான்” என்றார் மொகாலே வாத்தியார்.

“அப்போ டேப்பு ஓபெட்டோடது” என்றான் சாக்ஸபோன் கேட்பவன்.

“ஓபெட்டோட டேப்ப அவன் வீட்டுல இருந்து போலீஸ்தானே அள்ளிக்கிட்டுப் போச்சு?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

“போலீஸ் யாருக்குக் குடுக்கும்?” ஃபானி கேட்டான். “சும்மா குடுக்குமா?”

பதினான்கு பேரின் நல்ல காதுகளும் ஒன்றாகச் சேர்ந்து ஒரு மனிதனை ஆள்காட்டி ஆக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பிட்சோ சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். கடைசி ஆள் பேசும்வரை வாய் திறக்கக் கூடாது என்ற விதியை அப்போதும் அவன் மீறவில்லை. ஃபானி நாற்காலியை உதைத்தான். பிட்சோ சுவரில் முகம் மோதி விழுந்தான்.

“நாந்தான் வாசிச்சேன்” என்றான் தரையிலிருந்து. மூக்கிலிருந்து ரத்தம் வாய்க்குள் போனது. “ஃபானி, சத்தியமா நாந்தான்.”

“எங்கண்ணன வித்தது பத்தலன்னு அவன் கையையும் வித்தியா?”

எலையஸ் இருவருக்கும் நடுவே வந்தார். ஃபானியின் முழங்கை அவர் வாயில் பட்டது. அவர் பேட்டரிமேல் சாய்ந்து, கீழே உட்கார்ந்து, கைக்குள் ஒரு பல்லைத் துப்பினார். ஃபானி பிட்சோவைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து, அவன் வலது கையை ஷெட்டின் வேலை மேசைமேல் வைத்து அழுத்தினான். மேசையில் ஜாக்கிக் கம்பி கிடந்தது.

“விரல விரிடா. நல்லா விரி.”

மூன்று விரல்கள் விரிந்தன. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் விரியவில்லை. கொக்கிபோல வளைந்தே நின்றன. ஃபானி அவற்றை உள்ளங்கையால் அமுக்கினான். விட்டதும் மறுபடி மேலே எழும்பின. ஃபானி அதைப் பார்க்கவில்லை. ரைசிபே பார்த்தாள்.

“வேணாம்” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

கம்பி இறங்கியது. முதல் அடி மணிக்கட்டில். இரண்டாவது கட்டைவிரலில். பிட்சோ கத்திய கத்தில் எதிரே எரிந்த வீட்டுச் சுவரிலிருந்து புறாக்கள் எழுந்தன.

ஃபானி விரலை வாயில் வைத்து விசிலடித்தான்.

தெருவுக்கு அவனை இழுத்துக்கொண்டு போனபோது இருபது பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். எல்லோரும் சின்ன வயது. இரண்டு பேர் டயரை உருட்டி வந்தார்கள். ஒருவன் பிளாஸ்டிக் கேனைத் தூக்கி வந்தான். கேன் பாதி நிறைந்திருந்தது. என்ன வழக்கு என்று யாரும் கேட்கவில்லை. ஃபானி “ஆள்காட்டி” என்று சொன்னதே போதும். ஆள்காட்டியின் கழுத்தில் டயரை மாட்டிக் கொளுத்துவார்கள்.

மொகாலே வாத்தியார் உள்ளே ஓடிப்போய் ஷெட்டில் மாட்டியிருந்த பழைய பாஸ் கிட்டாரை எடுத்து வந்தார். அவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார். “ஃபானி, வாசிக்கச் சொல்லு. வாசிச்சாத் தெரிஞ்சுடும்ல?”

“ஆமா, வாசிடா! வாசி!”

வாரை அவன் கழுத்தில் மாட்டினார்கள். பிட்சோ முழங்காலில் நின்றான். இடது கை கம்பியைச் சரியான இடத்தில் பிடித்தது. வலது கை பழைய துணிபோல் தொங்கியது. மணிக்கட்டு ஏற்கெனவே வீங்கிவிட்டது. அதைத் தூக்கிக் கம்பிமேல் போட்டான். கம்பி லேசாக உறுமியது, அவ்வளவுதான்.

“பாத்தீங்களா, வாசிக்கத் தெரியல!” என்று ஒருவன் கத்தினான்.

“பாஸ்காரனாம்!”

சிரித்தார்கள். கிட்டாரைப் பிடுங்கி, அதனாலேயே அவன் முதுகில் அடித்தார்கள். கழுத்துப்பகுதி முறிந்தது. கம்பிகள் மட்டும் முறிந்த இரண்டு துண்டையும் பிடித்துக்கொண்டிருந்தன.

ரைசிபே ஷெட்டுக்குள் திரும்பி ஓடினாள். எலையஸ் தரையிலேயே இருந்தார். “யாராவது நிறுத்துங்களேன்” என்று ரத்தம் வழியும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரைத் தாண்டிப்போய் ஊசியை மூன்றாவது பாட்டின்மேல் வைத்தாள். ஒலியைக் குறைத்துக் காதை ஒலிபெருக்கியின் துணியோடு ஒட்டிவைத்தாள்.

பாட்டின் பெயர் ‘கடைசிப் பெட்டி’. மெட்டு ஐந்து முறை சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் மற்ற வாத்தியங்கள் நின்றுவிடும், பாஸ் தனியாகப் பேச வேண்டும். பழைய பிட்சோ அந்த இடத்தில் பத்துப் பதினைந்து சுரத்தை மூச்சு விடாமல் கொட்டியிருப்பான். இங்கே கட்டைவிரல் மூன்று கனத்த அடி மட்டும் போட்டது.

அந்த மூன்று அடிக்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்தது. முதல் தடவை கேட்டபோது அதை ரெக்கார்டின் தூசி என்று அவள் தள்ளிவிட்டிருந்தாள். உலர்ந்த சின்ன உரசல். இரண்டு உரசல், அடுத்தடுத்து. தூசி தாளத்தோடு சேர்ந்து வராது. இது தாளத்துக்கு மயிரிழை முன்னால் வந்தது.

வெளியே டயரைக் கீழே போடும் சத்தம் கேட்டது. யாரோ பாட ஆரம்பித்தார்கள். மற்றவர்கள் கால் தட்டினார்கள்.

இரண்டாம் சுற்று. உரசல் இருந்தது. மூன்றாம் சுற்று. இருந்தது. நான்காவதிலும் இருந்தது. இரண்டு விரல் கம்பியைத் தேடிப் போய், இழுக்கப் பலமில்லாமல் வழுக்கி, அதன் பிறகு கட்டைவிரல் வந்தது. ஓபெட் வாழ்நாளில் அந்த இரண்டு விரலைப் பயன்படுத்தியதில்லை.

ஐந்தாம் சுற்று வந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். உரசல் இல்லை. கட்டைவிரல் மட்டும் நேராக வந்தது, ஓபெட்டைப் போலவே, ஒரு தயக்கமும் இல்லாமல்.

அவள் நிமிர்ந்தாள். நான்கு தடவை இருக்கிறது, ஒரு தடவை இல்லை. ஆய்வுக்கூடத்தில் இப்படி வந்தால் மறுபடி பார் என்பார்கள். மறுபடி பார்க்க நேரம் இல்லை. பெட்ரோல் வாடை உள்ளே வந்துவிட்டது.

வாசலுக்குப் போய்க் கத்தினாள். அவளுக்குக் கத்திப் பழக்கமில்லை. கூட்டத்தின் பாட்டில் குரல் அமுங்கிவிட்டது. திரும்பி வந்து ஒலிபெருக்கி இரண்டையும் வாசல் பக்கம் திருப்பினாள். பாட்டை முதலிலிருந்து வைத்து, ஒலிக்குமிழை எவ்வளவு திருக முடியுமோ அவ்வளவு திருகினாள்.

பாஸ் தெருவில் இறங்கியது. கூரைத் தகரம் அதிர்ந்தது. கூட்டம் திரும்பிப் பார்த்தது. பிட்சோ மண்ணில் உட்கார்ந்திருந்தான், டயர் கழுத்தைத் தாண்டித் தோளில் மாட்டியிருந்தது, கைகள் அதற்குள் சிக்கியிருந்தன. தலையும் சட்டையும் நனைந்து பளபளத்தன. தீப்பெட்டி ஃபானியின் கையில் இருந்தது. டயரை உருட்டி வந்தவர்களில் ஒருவனின் தலை, அவனை அறியாமல், தாளத்துக்கு ஆடியது.

ரைசிபே ஊசிக்குப் பக்கத்தில் நின்றாள். “ப்ரா ஃபானி, இங்க வாங்க. நான் தப்பாச் சொல்லிட்டேன்.”

“நீ தப்பாச் சொன்னதே இல்ல.”

“இப்போ சொல்லிட்டேன். வந்து கேளுங்க. அப்புறம் உங்க இஷ்டம்.”

“சிஸ், போய் வேலையப் பாரு” என்று கேன் வைத்திருந்தவன் சொன்னான். “பாட்டுக் கச்சேரியா நடக்குது இங்க?”

“அவ கேக்கச் சொன்னா கேளுடா” என்றாள் மா சோஃபி. “எங்க கிளப்புல ஆரம்பிச்ச வழக்கு. எங்க கிளப்புலதான் முடியணும்.”

ஃபானி வாசல்வரை வந்தான். உள்ளே வரவில்லை. முதல் சுற்று முடிந்தது. மற்ற வாத்தியங்கள் நின்றன.

“இப்போ” என்றாள் ரைசிபே. “அடிக்கு முன்னால.”

“ஒண்ணும் கேக்கல.”

இரண்டாவது சுற்று. அவள் விரலைத் தூக்கிக் காட்டினாள்.

“உரசுது” என்றாள் மா சோஃபி. “ஏதோ உரசுது.”

“அது தூசி” என்றான் ஃபானி.

“தூசி தாளம் போடாது, ப்ரா ஃபானி. ரெண்டு விரல் கம்பிய இழுக்கப் பாக்குது. முடியல. அதுக்கப்புறந்தான் கட்டைவிரல் வருது. உங்கண்ணன் என்னைக்காவது ரெண்டு விரலால வாசிச்சாரா?”

மூன்றாவது சுற்றில் ஃபானி கண்ணை மூடிக்கொண்டான். உரசல் வந்தபோது அவன் தாடை இறுகியதை அவள் பார்த்தாள். கேட்டுவிட்டான்.

“அவர் விரலப் பாருங்க” என்றாள். “நீங்க அடிக்கிறதுக்கு முன்னாலயே விரியல. நீங்கதானே அமுக்குனீங்க? கையில தெரிஞ்சிருக்குமே?”

நான்காவது சுற்று. தெருவில் பேச்சு அடங்கிவிட்டது. அத்தனை பேரும் இருபது அடி தூரத்திலிருந்து ஒரு சின்ன உரசலுக்காகக் காத்திருந்தார்கள். அது வந்தது.

ரைசிபே ஊசியைத் தூக்கினாள்.

“ஏன் நிறுத்துற? இன்னும் ஒரு சுத்து இருக்கே” என்றான் ஃபானி.

“அதுலயும் இருக்கு.”

“நீ கேட்டியா?”

“கேட்டேன்.”

“சத்தியமா?”

அவள் அவன் கண்ணை நேராகப் பார்த்தாள். இதற்கு முன் எந்த ஆணையும் அவள் அப்படிப் பார்த்ததில்லை. “அஞ்சுலயும் இருக்கு” என்றாள்.

ஃபானி வேறு குரலில் கேட்டான். “அப்போ இது எங்கண்ணன் இல்லையா?”

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் முகம் கோணியது. உள்ளே வந்தான். ரெக்கார்டை எடுக்கத்தான் வருகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் மேசையிலிருந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தான். அவள் விலகிக்கொண்டாள். முதல் அடியில் ரெக்கார்டு நான்காக உடைந்தது. அடுத்த அடிகளில் பிளேயரின் கை, மூடி, பெட்டி எல்லாம் போயின. மரத்தூள் பறந்தது. இடையில் ஒருமுறை குறி தவறிச் சுவரில் அடித்தான், அதற்கும் நிறுத்தவில்லை. ஏழெட்டு அடிக்குப் பிறகு கம்பியைப் போட்டுவிட்டு வெளியே போனான்.

“கழட்டுங்கடா” என்றான்.

“என்ன ஃபானி, ஊத்தியாச்சு” என்றான் கேன்காரன். “பெட்ரோல் என்ன சும்மாவா கெடைக்குது?”

ஃபானி அவனை அறைந்தான். கேன் கீழே விழுந்து மிச்சமிருந்ததும் மண்ணில் போனது. இரண்டு பேர் டயரைப் பிடித்து மேலே இழுத்தார்கள். ஈரத்தில் அது வழுக்கி, பிட்சோவின் காதைக் கிழித்துக்கொண்டு வந்தது. அவன் பக்கவாட்டில் சாய்ந்து வாந்தி எடுத்தான்.

அவர்கள் போய்விட்டார்கள். டயரை விட்டுவிட்டுப் போகவில்லை. வந்தது போலவே உருட்டிக்கொண்டு போனார்கள், பாடிக்கொண்டு. அரை மணி நேரத்தில் நான்காவது தெருப் பக்கமிருந்து கரும்புகை எழுந்தது. பிட்சோவை உட்காரவைத்திருந்த தன் வீட்டு அடுக்களையின் ஜன்னலை எலையஸ் சாத்தினார். அங்கே யார் என்று யாரும் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது. அடிபட்டு வருபவர்களை அங்கே போலீஸார் கட்டிலிலிருந்தே பிடித்துக்கொண்டு போனார்கள். ரைசிபேக்கு அது நன்றாகத் தெரியும். மா சோஃபி பாத்திரம் கழுவும் சோப்பைத் தேய்த்துப் பிட்சோவின் தலையையும் முதுகையும் மூன்று தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். பெட்ரோல் பட்ட இடமெல்லாம் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. கழுவிவிட்டு, “நான் வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்” என்று சொல்லிக்கொண்டே பின்கட்டுக்குப் போனாள். மொகாலே வாத்தியார் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தார்.

கட்டை வைத்துக் கட்ட ஏதுமில்லை. எலையஸின் மனைவி களி கிண்டும் துடுப்பை எடுத்துக் கொடுத்தாள். ரைசிபே அதன் தட்டையான பக்கத்தைப் பிட்சோவின் மணிக்கட்டுக்கு அடியில் வைத்து, கிழித்த தலையணை உறையால் சுற்ற ஆரம்பித்தாள். கட்டைவிரலின் அடியில் எலும்பு இடம் மாறியிருந்தது. தொடாமல் சுற்றினாள்.

“ப்ரா பிட்சோ. நாந்தான் சொன்னேன்.”

“தெரியும். சுவரப் பாத்துக்கிட்டு இருந்தா காது கேக்காதா?” உதடு வீங்கியிருந்ததால் வார்த்தைகள் குழறின. “ஓபெட் கைன்னு நீ சொன்னப்போ சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஒரு நொடி. அதுக்கப்புறந்தான் பாட்டில் ஒடஞ்சுது.”

“இந்த விரலு ரெண்டும்?”

“கதவிடுக்குல. ரெண்டு தடவ. அதுக்கப்புறம் அவனும் நானும் பத்தொன்பது நாள் ஒரே அறை. நான் அழுதுகிட்டே இருந்தேன். கட்டைவிரல் இருக்குல்லடா, எதுக்கு அழுறன்னான். என் தொடையில வாசிச்சுக் காட்டுவான். தொடை கன்னிப்போச்சு.” சிரிக்கப் பார்த்தான், உதட்டில் ரத்தம் வந்தது. “இருபதாவது நாள் அவனக் கூட்டிட்டுப் போனாங்க.”

“இத ஃபானிகிட்ட சொல்லியிருந்தா?”

“விடும்போது கையெழுத்து வாங்கினாங்க. உள்ள நடந்தது ஒரு வார்த்த வெளிய வந்தாலும் மறுபடி உள்ள. மறுபடி உள்ள போனா நான் திரும்பி வர மாட்டேன், ரைசிபே.” கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். “ஸ்டுடியோல அவங்க வேகத்துக்கு என்னால வர முடியல. மத்தவங்க எல்லாரும் வாசிச்சிட்டுப் போனப்புறம் தனியா உக்காந்து வாசிச்சேன். அதத்தான் மா சோஃபி கேட்டிருக்கா.”

தெருவில் கவச வண்டி ஒன்று மெதுவாகப் போனது. அது கடந்துபோகும்வரை எல்லோரும் அசையாமல் இருந்தார்கள். மேசைமேல் தட்டுகள் கிலுகிலுத்தன. பிறகு சத்தம் நான்காவது தெருப் பக்கம் திரும்பிக் குறைந்தது.

“ஒண்ணு சொல்லணும்” என்றாள் ரைசிபே. குரல் மறுபடி சின்னதாகிவிட்டது. “அஞ்சாவது சுத்துல அந்த உரசல் இல்ல. எனக்குக் கேக்கல. இருக்குன்னு பொய் சொன்னேன்.”

பிட்சோ சுவரில் தலையைச் சாய்த்தான்.

“இருக்காது” என்றான். “நாலு தடவயும் பழைய மாதிரி வந்துடும் வந்துடும்னு விரல நீட்டினேன். அஞ்சாவது தடவ நீட்டல. ஓபெட்டே வாசிக்கட்டும்னு விட்டுட்டேன்.”

அவள் துணியின் முனையைப் பல்லால் கிழித்து, துடுப்பின் காம்போடு சேர்த்து முடிச்சுப் போட்டாள். அவன் வலியில் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான், இடது கையால்.